1426-ஆம் விலாசத்தில் எரிந்த விளக்குகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரோ சொல்லக் கேட்டதல்ல, எனக்கே நடந்தது. பேய் உண்டா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தேதியும் நேரமும் தெரியும். 1978, ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. பகல் 11:42 முதல் 12:24 வரை. மொத்தம் நாற்பத்திரண்டு நிமிடம்.

பகலா என்று முகம் சுளிக்க வேண்டாம். அமாவாசை, புளியமரம், நாய் ஊளை எல்லாம் எதிர்பார்த்துப் படுக்கையில் சாய்ந்திருப்பீர்கள். என்னிடம் அதெல்லாம் இல்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் வெளியே போகிற ஆள்கூட உச்சி வேளையில் தனியாகப் போகத் தயங்குவான். அதோடு நான் இருந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பகலும் ராத்திரியும் ஒன்றுதான்.

என் பெயர் தாணுலிங்கம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் நெல் விளைகிற கிராமம். எங்கள் வீட்டில் வயலை விட்டு எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போன முதல் ஆள் நான்தான், அதனால் அப்போது கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், உப்பளங்களை ஒட்டி ஒரு கெமிக்கல் தொழிற்சாலை இருந்தது. பெயர் வேண்டாம். அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு நான்தான் பொறுப்பு.

கம்ப்யூட்டர் என்றதும் திரையை நினைக்காதீர்கள். இரும்பு அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள், அவற்றுக்கு மேலே பன்னிரண்டு சின்ன விளக்குகள். பக்கத்தில், எண்களை ஓட்டைகளாகக் குத்திய காகித டேப்பைப் படிக்கிற ரீடர். தொழிற்சாலையின் குழாய்களையும் வால்வுகளையும் அந்தப் பெட்டிதான் திறந்து மூடும்.

பெட்டிக்குள் எல்லா வேலைக்கும் அடியில் ஒரு தாய்ப் புரோகிராம் ஓடும். நாங்கள் அதை மானிட்டர் என்போம். இப்போதுள்ள பிள்ளைகள் கெர்னல் என்கிறார்கள். அதில் எங்களிடம் இருந்தது மூன்றாம் வெர்ஷன். 1977 கடைசியில் பெட்டியைச் செய்தவர்கள் நான்காம் வெர்ஷனை ஒரு டேப்பில் அனுப்பினார்கள், கூடவே ஒரு கடிதம். மூன்றாவதில் ஒரு கோளாறு இருக்கிறதாம். யாராவது ஒரு வால்வைத் திறக்காதபடி எந்திரத்தில் கட்டளை கொடுத்துப் பூட்டி வைத்திருக்கும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்தால், மூன்றாம் வெர்ஷன் எல்லாப் பூட்டையும் மறந்துவிடும். நான்காவது மறக்காது. உடனே மாற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அது டிசம்பர் மாதம். மழைக்காலம். தூத்துக்குடிக் கடற்காற்றில் பொரித்த அப்பளம் பத்து நிமிடத்தில் நமத்துப்போகும். காகித டேப் மட்டும் என்ன செய்யும்? ஈரம் ஏறிய டேப் ரீடரில் சிக்கிக் கிழியும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. டேப்புகளை மொட்டை மாடிக் கம்பியில் கருவாடு மாதிரி வெயிலில் காயப்போட்டு, பிறகு தகர டப்பாவில் போட்டு மூடுவோம். டேப்பின் மேல் மை பட்டால் ரீடர் கெடும் என்று வெர்ஷன் எண்ணை டப்பாவின் மூடியில்தான் எழுதுவோம். அன்று மூன்றையும் நான்கையும் பக்கத்துப் பக்கத்தில் காயப்போட்டிருந்தேன். திடீரென்று தூறல் விழுந்தது. ஓடிப்போய் இரண்டையும் அள்ளிக்கொண்டு வந்து டப்பாக்களில் போட்டேன். மறுநாள் 4 என்று எழுதிய டப்பாவைத் திறந்து, அதிலிருந்த டேப்பை ஏற்றிவிட்டு, ரிஜிஸ்டரில் "வெர்ஷன் 4 ஏற்றப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டேன். எது எந்த டப்பாவுக்குள் போனது என்று சரிபார்க்கவில்லை.

இனி கிளாட்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிளாட்வின் ஆபரேட்டர். என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவன் அப்பா கடலில் சங்கு குளித்தவர். இடுப்பில் கயிறு கட்டி அவர் இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தப் பாடத்தை எங்கள் தொழிற்சாலைக்கும் கொண்டு வந்தவன் கிளாட்வின்தான். யார் டேங்குக்குள் இறங்கினாலும் இடுப்பில் கயிறு, வெளியே கயிறு பிடிக்க ஒரு ஆள். ஒரு நாள் டீ குடிக்கும்போது எனக்கும் சொல்லிக் கொடுத்தான்.

"கயித்த ஒரு வெட்டு வெட்டி இழுத்தா, கீழ நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு வெட்டு வெட்டுனா கேள்வி கேக்காம தூக்கணும், தாணு. மேல நிக்கிறவன் யோசிச்சா கீழ உள்ளவன் செத்தான்."

மே 12, வெள்ளிக்கிழமை, கிளாட்வின் ஒரு டேங்குக்குள் சுத்தம் செய்ய இறங்கினான். அந்த டேங்குக்கு நைட்ரஜன் வருகிற குழாய் ஒன்று உண்டு. நைட்ரஜன் விஷமல்ல, அதற்கு வாசனையும் கிடையாது. ஆனால் அது மட்டும் நிறைந்த இடத்தில் இரண்டு மூச்சு இழுத்தால் கால் மடங்கிவிடும். பகல் 12:17-க்குக் கரண்ட் போனது. மூடிய கட்டிடம், ஒரே இருட்டு. கயிறு பிடித்திருந்த ஆள் கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு டார்ச் தேடிப் போனான். 12:21-க்குக் கரண்ட் வந்தது. நைட்ரஜன் வால்வு தானாகத் திறந்தது. கயிறு பிடித்தவன் திரும்பி வந்து பார்த்தபோது தரையில் கயிற்றைக் காணவில்லை. இருபது முழக் கயிறு, முழுவதும் டேங்குக்குள் போயிருந்தது. கிளாட்வின் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறான். கயிறுதான் வந்திருக்கிறது.

அவனை வெளியே எடுத்தபோது நானும் நின்றேன். விரல் நகங்கள் பத்தும் நீலமாக இருந்தன.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? எந்திரத்தில் இருப்பது நான்காம் வெர்ஷன், ரிஜிஸ்டரில் கையெழுத்தே இருக்கிறது. அது பூட்டை மறக்காது. ஆகவே கிளாட்வின் வால்வைப் பூட்டாமலே இறங்கியிருக்கிறான், தப்பு அவனுடையது. எந்திரத்துக்குக் கொடுக்கிற கட்டளைகளை அச்சடிக்கிற டெலிபிரிண்டரில் அன்று காலையிலிருந்து தாள் சிக்கி நின்றதால் அவன் பூட்டியதற்குச் சாட்சியும் இல்லை. அவன் தப்பு என்று முடிவானால் அவன் மனைவி பிளாரன்ஸுக்குக் கம்பெனியில் வேலை தர மாட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

விசாரித்த பாதுகாப்பு அதிகாரியின் பெயர் தேவபிரசாதம். அதிகம் பேசாத மனிதர். எந்திரத்தில் இருப்பது எந்த வெர்ஷன் என்று நான் ஜூன் 12, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். என்னை விட்டால் அந்த ஜில்லாவில் அதைச் சொல்ல ஆள் கிடையாது. 'நீ எத்தனாவது வெர்ஷன்' என்று எந்திரத்தைக் கேட்க முடியாது. அதற்குள் இருப்பது வெறும் எண்கள். அவற்றைப் படித்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

விபத்து நடந்த அன்றே அந்தத் தூறல் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. டப்பா மாறியிருந்தால் கிளாட்வினைக் கொன்றது நான்தான்.

ஜூன் 7, புதன்கிழமை சாயங்காலம் பிளாரன்ஸ் என் வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை மாதா கோயிலில் கிளாட்வினுக்கு முப்பதாம் நாள் பூசை, வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அவிய பூட்டாம உள்ள எறங்குற ஆளா? ஊரே அவிய தப்புங்குது. நீங்க ஒரு ஆளு சொன்னா போதும்" என்றாள்.

பார்க்கிறேன் என்று சொன்னேன். மறுநாளே லீவு போட்டுவிட்டுத் திருச்செந்தூருக்கு ஓடிவிட்டேன். பூசைக்குப் போகும் தைரியம் எனக்கு இல்லை. கோயில் பக்கத்து லாட்ஜில் படுத்துக்கொண்டு முருகனிடம் வேண்டினேன். என்ன வேண்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மெமரியில் நாலு இருக்கட்டும் என்று வேண்டினேன். கிளாட்வின் மேல் பழி விழுந்தால் விழட்டும், அவன்தான் செத்துவிட்டானே என்று நினைத்தேன். சனிக்கிழமை ராத்திரிக் கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை 11:35-க்குச் சைக்கிளில் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். கேட்டில் தளவாய் இருந்தார், பழைய வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே சார் இங்கன வாரீய என்று கேட்டார். சாமான் ஒன்றை மறந்துவிட்டேன் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"உச்சி வேளை சார். அந்த ரூமுக்குத் தனியா போவாதீய. ஒரு மணி கழியட்டும்."

நான் சிரித்தேன். படித்தவன் இல்லையா.

11:42. என்னிடம் இருந்த சாவியால் அறையைத் திறந்தேன். விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்தினேன். விபத்துக்குப் பிறகு அந்தப் பிரிவே மூடிக் கிடந்தது. ஏ.சி. ஓடி ஒரு மாதம் ஆகிறது. ஜூன் மாத வெயிலில், ஜன்னலில்லாத அறை அடுப்பாகக் கொதித்திருக்க வேண்டும். கொதிக்கவில்லை. சில்லென்று இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் தொழிற்சாலையில் எந்த மூலைக்குப் போனாலும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். அந்த அறைக்குள் எந்த வாசனையும் இல்லை. சுத்தமாக ஒன்றுமில்லை.

ஒரு மாதம் மூடிக் கிடந்த அறை, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

11:50. எந்திரத்தைப் போட்டேன். காற்றாடி உறுமியது. அந்தக் காலத்து மெமரிக்கு ஒரு குணம் உண்டு. சின்னச் சின்னக் காந்த வளையங்கள், கரண்ட் போனாலும் அழியாது. கடைசியாக என்ன இருந்ததோ அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆகவே மே 12 அன்று இருந்தது இன்றும் உள்ளே இருக்கும்.

பார்க்கிற முறை சுலபம். மெமரியில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு விலாசம். சுவிட்சுகளில் விலாசத்தை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், அந்த இடத்தில் இருக்கும் எண் பன்னிரண்டு விளக்குகளில் எரியும். இரண்டு வெர்ஷனும் வேறுபடுகிற இடம் 1426-ஆம் விலாசம். பூட்டுகளை அழி என்கிற கட்டளை அங்கேதான் இருந்தது. மூன்றாம் வெர்ஷனில் அதன் எண் 3017. நான்காவதில் அந்தக் கட்டளையை எடுத்துவிட்டார்கள், அங்கே இருப்பது பூஜ்யம். அதாவது 1426-ல் ஒரு விளக்கும் எரியாவிட்டால் நாலு. ஆறு விளக்குகள் எரிந்தால் மூன்று.

முதலில் 1425. இரண்டு வெர்ஷனிலும் ஒரே எண்தான். பெட்டியைச் செய்தவர்கள் தந்த புத்தகத்தில் இருந்தபடி சரியாக எரிந்தது. 1427-ம் சரி.

11:58. 1426-ஐ வைத்தேன். பொத்தானை அழுத்தினேன்.

ஆறு விளக்குகள் எரிந்தன.

சுவிட்சை மாற்றி வைத்திருப்பேனோ என்று எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றினேன். 3017. இன்னொரு தடவை. 3017. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

12:05. அலமாரியில் இருந்து 3 என்று எழுதிய டப்பாவை எடுத்தேன். உள்ளே இருந்த டேப்பைப் பிரித்து, கையால் ஓட்டைகளை எண்ணிக்கொண்டே 1426-ன் இடத்துக்கு வந்தேன். எண்ணுக்கான ஓட்டை ஒன்றும் இல்லை. பூஜ்யம். இதுதான் நான்காம் வெர்ஷன். நான் அன்று அள்ளியபோது இரண்டும் டப்பா மாறியிருக்கிறது. சந்தேகத்துக்கே இடமில்லை.

அப்போது எனக்கு வந்த யோசனையை மறைக்காமல் சொல்கிறேன். கையில் நான்காம் வெர்ஷன் இருக்கிறது, அறையில் வேறு யாரும் இல்லை. இதை ஏற்றிவிட்டால் ஒரு நிமிடத்தில் பழைய எண்கள் எல்லாம் அழிந்துவிடும். நாளை யார் வந்து பார்த்தாலும் நாலு. கிளாட்வின் திரும்பி வரப்போவதில்லை. நான் ஏன் ஜெயிலுக்குப் போக வேண்டும்?

12:11. டேப்பை ரீடரில் மாட்டி ஓட்டினேன். கடகடவென்று ஓடி முடிந்தது. எந்தத் தடங்கலும் இல்லை.

12:13. 1426-ஐ வைத்து அழுத்தினேன்.

3017.

டேப்பை எடுத்து மறுபடி பார்த்தேன். அந்த இடத்தில் ஓட்டை இல்லை. ஏற்றியது பூஜ்யம். எரிவது ஆறு விளக்கு. அப்படி நடக்கவே முடியாது. எந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ரீடர் பழுது என்று நினைத்தேன். இந்தத் தடவை டேப்பைக் கையில் பிடித்து மெதுவாகக் கொடுத்தேன். விரல்களுக்கு நடுவே அது வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. சர்ர்... சர்ர்...

12:16 இருக்கும். டேப் ஒரு வெட்டு வெட்டியது.

சிக்கியிருக்கும் என்று விரலைத் தளர்த்தினேன். சிக்கவில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடியும்.

வெட்டு... வெட்டு.

இரண்டு.

ரீடரின் சின்னப் பல்சக்கரத்துக்கு அவ்வளவு வலு கிடையாது. தோள் வரை இழுத்தது.

அப்போது கரண்ட் போனது.

ஒரே இருட்டு. காற்றாடி நின்றது. ரீடர் நின்றது. கைக்கடிகாரத்தின் ரேடியம் முள்ளைப் பார்த்தேன். 12:17.

டேப் நிற்கவில்லை.

கரண்ட் இல்லாத ரீடர் வழியாக, என் விரல்களுக்கு நடுவே, அது போய்க்கொண்டே இருந்தது. சர்ர்... சர்ர்... சர்ர்...

தலையை நிமிர்த்தினேன். ஆறு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கரண்ட் இல்லை. பாட்டரி என்று ஒன்று அந்தப் பெட்டியில் கிடையவே கிடையாது. ஆனாலும் எரிந்தன.

சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. ஒரு கையால் எப்படியோ உரசினேன். பொறி வந்தது. அணைந்தது.

இன்னொன்று. அணைந்தது.

மூன்றாவது குச்சியில் சுடர்கூட வரவில்லை.

அப்போதுதான் என் மூச்சு கவனத்துக்கு வந்தது. இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். நெஞ்சு நிறைகிறது... ஆனால் போதவில்லை. இன்னும் இழுத்தேன். போதவில்லை. கால் மடங்கப் பார்த்தது.

வெட்டு... வெட்டு.

கேள்வி கேட்காமல் தூக்க வேண்டும்.

இழுத்தேன். சத்தியமாக இழுத்தேன். இரண்டு கையாலும்.

கனத்தது.

காகித டேப், ஒரு அங்குல அகலம். கிழியவில்லை. அதன் மறுமுனையில் ஒரு ஆள் கனம் இருந்தது.

"தாணு."

சத்தமாக இல்லை. தூரத்திலும் இல்லை. தகரத்துக்குள் இருந்து வருகிற மாதிரி...

நான் விட்டுவிட்டேன்.

ஆமாம். கையை விட்டுவிட்டேன். இத்தனை வருடமாகியும் என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

சர்ர்ர்ர்ர்... மீதி டேப் முழுவதும் தரையில் உரசிக்கொண்டு போனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

12:21. கரண்ட் வந்தது.

அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. டேப்பைக் காணவில்லை. எந்திரத்தின் அடியில் காற்றுப் போகிற சல்லடைத் தகடு ஒன்று உண்டு. அதன் இடுக்கில் ஒரு விரல்கடை நீளம் மட்டும் வெளியே தொங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போனது.

ஆறு விளக்குகள் அப்படியே இருந்தன. 3017.

12:24-க்கு வெளியே வந்து விழுந்தேன். கதவைப் பூட்டினேனா என்றுகூட ஞாபகமில்லை. வெயில் கொளுத்தியது. அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. அந்த நாற்றத்தை அவ்வளவு ஆசையாக நான் என்றுமே இழுத்ததில்லை.

தளவாய் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார். செம்பை வாங்கக் கையை நீட்டினேன். அவர் செம்பைத் தராமல் என் விரல்களையே பார்த்தார்.

"சார், நகமெல்லாம் ஏன் இப்படி நீலம்பாரிச்சுக் கெடக்கு?"

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன். எந்திரத்தில் இருப்பது மூன்றாம் வெர்ஷன். டிசம்பரில் டேப்புகளைக் காயப்போட்டபோது டப்பா மாற்றியவன் நான். கிளாட்வின் வால்வைப் பூட்டியிருந்தால் அந்தப் பூட்டை எந்திரம்தான் அழித்திருக்கும். 1426-ல் நான் படித்த எண்ணையும், பக்கத்து விலாசங்களின் எண்களையும் குறித்தேன். நல்ல மனது வந்து எழுதியதாக நினைக்காதீர்கள். பயத்தில் எழுதினேன்.

திங்கட்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்குத் தேவபிரசாதத்தின் மேஜையில் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த நம்பரெல்லாம் எங்கன பாத்து எழுதுனீங்க?"

மெமரியில் என்றேன். நேற்று மத்தியானம் என்றேன்.

அவர் எழுந்து, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அறைக்கு நடந்தார். கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டார். நேற்று நான் தொட்டிராத பின்பக்கக் கதவைத் திருகாணி கழற்றித் திறந்தார். அந்தக் காந்த வளையங்கள் கோத்த மெமரி போர்டு இருக்க வேண்டிய இடத்தில் போர்டு இல்லை. கை நுழைகிற அளவுக்கு ஒரு காலிப் பொந்து. அதற்குள் என் காகித டேப் இருந்தது. படகில் கயிறு சுருட்டுகிற மாதிரி வட்டம் வட்டமாக, அடுக்காகச் சுருட்டி வைத்திருந்தது. எங்கும் கிழியவில்லை.

தேவபிரசாதத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. மெல்லச் சொன்னார்.

"வெள்ளிக்கெழம சாயந்தரம் நாலு மணிக்கே போர்டக் கழட்டியாச்சு. உங்க மேலயும் சந்தேகம் இருந்துச்சு, அதான் சொல்லல. அரக்கு முத்திர வச்சு என் பீரோவுல பூட்டி வச்சிருக்கேன்."

காட்டினார். மரப்பெட்டி, அரக்கு முத்திரை, நான்கு பேர் கையெழுத்து. தேதி 9-6-78. அந்த நேரத்தில் நான் திருச்செந்தூரில் முருகனிடம் பொய்க்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

போர்டு இல்லாத எந்திரத்தில் எந்த விலாசத்தை வைத்தாலும் ஒரு விளக்கும் எரியாது. படிக்க அதற்குள் எதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, பெட்டியைச் செய்தவர்களின் ஊரில், சாட்சிகள் முன்னால் முத்திரையை உடைத்து அந்தப் போர்டைப் படித்தார்கள். 1426-ல் 3017. நான் எழுதிக் கொடுத்த மற்ற எண்களும் ஒன்றுகூட மாறவில்லை. கிளாட்வின் மேல் இருந்த பழி நீங்கியது. பிளாரன்ஸுக்கு வேலை கிடைத்தது. எனக்கு வேலை போனது. அதில் எனக்கு வருத்தமில்லை, நியாயம்தான்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். உண்மை முழுவதும் வெள்ளிக்கிழமையே பீரோவுக்குள் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த வெற்றுப் பெட்டியில் நான் நூறு தடவை டேப்பை ஓட்டியிருந்தாலும் பீரோவில் இருந்த போர்டில் ஒரு எண்கூட அழிந்திருக்காது. அதைக் காப்பாற்ற கிளாட்வின் வர வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு எதற்காக வந்தான்? நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கத்தான் வந்தான்.

பார்த்துவிட்டான்.